ஜாடிக்கடைக்கு அடுத்த வூடு

1

அறுபது வயதுக்கு மேல் கிரிக்கெட் ஆடாதீர்கள் என்று ஊருக்கு உபதேசம் செய்யும் தகுதி எனக்கு வந்துவிட்டது. இங்கே பொங்கல் விழாவை நாங்கள் மாசி மாதம்தான் கொண்டாடுவோம். மண்டபம் அப்போதுதான் கிடைக்கும். இந்த வருட விழாவில் ஆண்கள் இரண்டு அணியாகப் பிரிந்து ஆடினார்கள். இல்லாத ஒரு ரன்னுக்கு ஓடி என் கணவர் வலது காலை ஒடித்துக்கொண்டார். அந்த ரன்னும் கிடைக்கவில்லை.

நாங்கள் இருப்பது நியூசிலாந்தில், கிறைஸ்ட்சர்ச் நகரத்தில். வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நான் பிறந்து வளர்ந்தது விருத்தாசலத்தில், கடைவீதியிலிருந்து பிரிந்து போகும் ஒரு தெருவில். என் அண்ணன் கலியமூர்த்தி இன்னும் அதே தெருவில், நாங்கள் பிறந்த அதே வீட்டில்தான் இருக்கிறார். எங்கள் ஒரே மகள் கயல்விழிக்கு வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை பென், இந்த ஊர்ப் பையன். கல்யாணத்தை விருத்தாசலத்தில் வைத்துக்கொள்ளலாமே என்று முதலில் கேட்டது அவன்தான். இத்தனை வருடம் நான் பேசிய ஊர்ப்பெருமை சொந்த மகளிடம் எடுபடாமல் ஒரு வெள்ளைக்காரப் பையனிடம் பலித்தது.

கால் ஒடிந்ததில் என்ன சிக்கல் என்று கேட்பீர்கள். பத்திரிகைதான் சிக்கல். வாட்ஸப்பில் அனுப்பினால் போதும் என்பவர்கள் இருக்கலாம். என் அண்ணன் அந்த ஜாதி இல்லை. அவருக்கு எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும். கணவனும் மனைவியுமாக வீடு தேடி வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, அதன்மேல் பத்திரிகையை வைத்துக் கொடுக்க வேண்டும். ஒருமுறை அவருடைய சிநேகிதர் ஒருவர் பஸ் ஸ்டாண்டில் எதிர்ப்பட்டபோது பையிலிருந்து பத்திரிகையை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். அண்ணன் அந்தக் கல்யாணத்துக்குப் போனார். மண்டபத்துக்குள் மட்டும் நுழையவில்லை. "ரோட்டுல நிக்க வெச்சு அழச்சான், ரோட்டுலயே நின்னு வாழ்த்திட்டு வந்துட்டேன்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

தாய்மாமன் இல்லாமல் எங்கள் பக்கம் கல்யாணம் நடக்காது. பெண்ணுக்கு முதல் மாலை போட்டு மணவறைக்கு அழைத்து வருபவர் அவர்தான். அண்ணி முன்கூட்டியே போனில் எச்சரித்துவிட்டார்கள். "வசந்தா, முறை கொஞ்சம் தப்புச்சுன்னாலும் உங்க அண்ணன் கெளம்ப மாட்டாரு. அப்புறம் நான் மட்டும் வந்து நிக்கணும். பாத்துக்கோ."

என் கணவரால் ஆறேழு வாரத்துக்கு விமானம் ஏற முடியாது. தனியாக விட்டுவிட்டு நான் போகலாம் என்றால், இவர் இரண்டு காலும் நன்றாக இருந்தபோதே டீ போடத் தெரியாதவர். கயல் மட்டும் பட்டுப்புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போகிறாள். வெட்கத்தை விட்டு அண்ணனிடம் கேட்டேன், அவளே வந்து வைக்கட்டுமா என்று.

"கல்யாணப் பொண்ணே பத்திரிகை தூக்கிக்கிட்டு வர்றதா? நல்லாருக்குது போ" என்றார். அண்ணியிடம் ஏதோ கேட்டுவிட்டுத் திரும்ப வந்தார். "சரி, ஒடஞ்ச காலுக்கு முறை பாத்து ஆவுமா. வரச் சொல்லு. ஆனா மொதப் பத்திரிகை கோயிலுக்கு, அடுத்தது எனக்கு. நடுவுல ஒருத்தன் பூரக் கூடாது, சொல்லிட்டேன்."

இவ்வளவு இறங்கி வந்ததே பெரிய விஷயம். இதையும் கோட்டைவிட்டால் அண்ணன் வர மாட்டார். பெண் மாமன் மாலை இல்லாமல் மணவறை ஏற வேண்டியதுதான். சித்திரை முழுக்க எனக்கு இந்த ஒரே கவலை.

2

கயலுக்குத் தமிழ் வரும். மரியாதைதான் வராது. ஐந்து வயதுக்குமுன் இங்கே வந்தவள். எல்லாரையும் "நீ வா, நீ உக்காரு" என்பாள். அப்பாவையும் அப்படித்தான். இவர் அதில் மயங்கிப்போய் திருத்தாமல் விட்டுவிட்டார். அதனால் அண்ணன் வீட்டில் சொல்ல வேண்டியதை நானே எழுதி, வாய்ப்பாடு மாதிரி உருப்போட வைத்தேன். "மாமா, அத்தை, நீங்க குடும்பத்தோட முன்னாடியே வந்து நின்னு நடத்திக் குடுக்கணும்." பல் விளக்கும்போதும், கார் ஓட்டும்போதும் சொல்லிப் பார்த்தாள். பென்னுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. கடைசியில் அவள் சொல்வதைக் கேட்டால் விருத்தாசலத்தை விட்டு வெளியே காலடி வைக்காத பெண் என்று சத்தியம் பண்ணலாம். அந்த ஒரு வாக்கியம் வரைக்கும்.

மகளைச் சொல்கிறேன், நான் மட்டும் என்ன வாழ்ந்தது. வந்த புதிதில் பக்கத்து வீட்டு மார்கரெட் விருந்துக்குக் கூப்பிட்டு, வரும்போது ஒரு தட்டு கொண்டு வா என்றாள். பாவம், வீட்டில் தட்டு பற்றாக்குறை போல என்று நினைத்து, விருத்தாசலத்திலிருந்து துணியில் சுற்றிக் கொண்டுவந்த பீங்கான் தட்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனேன். தட்டு என்றால் ஏதாவது சமைத்துக் கொண்டு வருவது என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. எல்லாரும் என் வெறுந்தட்டைக் கையில் வாங்கி, அழகாக இருக்கிறது, அழகாக இருக்கிறது என்று பாராட்டினார்கள்.

அடுத்து விலாசம். பென்னுக்கு விசா வாங்க, இந்தியாவில் தெரிந்தவர் ஒருவருடைய முகவரி கேட்டது கணினி. அண்ணனிடம் வீட்டு நம்பர் கேட்டேன். "பழைய நம்பரா, புது நம்பரா, அதுக்கப்புறம் வந்த நம்பரா?" என்று திருப்பிக் கேட்டார். மூன்றையும் கோடு போட்டுப் பிரித்து எழுதினால் கணினி கோட்டை ஏற்கவில்லை. "நம்பர் போஸ்ட்மேனுக்கே தெரியாது. ஜாடிக்கடைக்கு அடுத்த வூடுன்னு போடும்மா, கண்ண மூடிக்கிட்டு வந்துடுவான்" என்றார். ஆங்கிலத்தில் அப்படியே போட்டேன். கணினி மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது, விசாவும் வந்தது. பிறகு ஆசைக்கு கூகுள் வரைபடத்தில் அந்தத் தெருவைத் தேடினால் மணிமுத்தா ஆற்றுக்கு நடுவில் கொண்டுபோய்க் குத்தி நிற்கிறது.

ஜாடிக்கடையை நான் எப்படி மறப்பேன்? எங்கள் வீட்டுச் சுவரும் கடைச் சுவரும் ஒன்று. வாசலில் உயர வரிசைப்படி ஊறுகாய் ஜாடிகள் நிற்கும், மேலே காவி, கீழே வெள்ளை. உள்ளே வைக்கோலுக்கு நடுவில் கோப்பைகள், பொம்மைகள். எங்கள் ஊர்ச் சூளையில் சுட்ட நல்ல சாமான் எல்லாம் லாரி ஏறி வெளியூர் போய்விடும். கோணலும் புள்ளியும் விழுந்தவை ஜாடிக்கடைக்கு வரும். அதனால் ஊரில் எந்த வீட்டிலும் ஒரே மாதிரி நான்கு கோப்பைகளைப் பார்க்க முடியாது. கழித்துக் கட்டிய பியூஸ் கட்டைகளைக் கோத்து நாங்கள் ரயில் விடுவோம். மதில் மேல் கண்ணாடிச் சில்லுக்குப் பதில் கோப்பைக் காதுகளைப் பதித்திருப்பார்கள். கடைக்காரர் ஒவ்வொரு கோப்பையையும் விரலால் சுண்டி, காதருகே வைத்துக் கேட்டுவிட்டுத்தான் தருவார். இன்றைக்கும் நான் இங்கே கடைக்குப் போனால் கோப்பையைச் சுண்டிப் பார்ப்பேன். கயல் தள்ளிப் போய் நின்றுகொண்டு யாரோ எவரோ என்று பார்ப்பாள்.

3

புதன்கிழமை காலை. எங்களுக்குச் சாயங்காலம். கயல் சென்னையிலிருந்து ரயிலில் வந்து இறங்கி, கொளஞ்சியப்பர் கோயிலில் முதல் பத்திரிகையை வைத்துவிட்டாள். ஆட்டோக்காரர் தெருமுனையில் இறக்கிவிட்டார். குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள், அதற்குமேல் வண்டி போகாது. மாமாவுக்குப் போன் பண்ணி வரச் சொல்லவா என்று கேட்டாள். கூடவே கூடாது என்றேன். பத்திரிகை வைக்க வருகிறவர்களுக்கு வழி சொல்வதும் முறையில் சேராது என்று அண்ணன் ஏற்கெனவே சொல்லியிருந்தார். "எம் மருமவளுக்கு எங்க வூடு தெரியாதா?" என்றவரிடம் எப்படிச் சொல்வது? அவள் கடைசியாக அந்தத் தெருவையும் மாமாவையும் நேரில் பார்த்தது எட்டு வயதில். நானே அம்மா காரியத்துக்குத் தனியாகப் போய் வந்து பத்து வருடம் ஆகிறது.

ஆகவே வீடியோவில் வழி காட்டினேன். சமையல்கட்டு மேசையில் போனைச் சாய்த்து வைத்தேன். கட்டுப் போட்ட காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு இவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். கயல் ஒரு கையில் தாம்பாளம், ஒரு கையில் போன் என்று நடந்தாள். தெரு என் கண்முன் ஆடி ஆடி வந்தது.

சோடாக்கடை இருந்த இடத்தில் பல் ஆஸ்பத்திரி. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த சோடாக் கோலியைக் கடித்துப் பார்த்துப் பல் உடைத்துக்கொண்டவள் நான். தையல்காரர் வீடு இரண்டாகப் பிரிந்து ஒரு பாதியில் அழகு நிலையம், மறு பாதி அப்படியே ஓட்டு வீடு. ரேடியோ ரிப்பேர் கடை இருந்த மாடியில் கம்ப்யூட்டர் சென்டர். அந்தக் கடையில் ரேடியோவைக் கொடுத்தால் பாட்டு நன்றாக வருகிறதா என்று சோதிப்பதாகச் சொல்லி ஒரு மாதம் அவரே கேட்பார். சைக்கிள் கடை இருக்கிறது! அதே பெயர்ப்பலகை, ஆனால் உள்ளே சைக்கிள் இல்லை, பேட்டரி ஸ்கூட்டர். நான் "நில்லு, நில்லு, அந்தப் பக்கம் காட்டு" என்று கத்தக் கத்த, கயல் தாம்பாளத்தோடு சுற்றிச் சுற்றி நின்றாள்.

"அம்மா, டைம்" என்றாள்.

உண்மைதான். புதன்கிழமை பன்னிரண்டுக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதற்குள் வைத்தாக வேண்டும்.

அப்போதுதான் ஜாடிகள் தெரிந்தன. காவியும் வெள்ளையுமாக, உயர வரிசைப்படி. "அதுதான்! அதுதான் ஜாடிக்கடை! அதுக்கு அடுத்த வீடு!" என்று கூவினேன்.

இவர் மட்டும் கேட்டார், "இவ்வளவு சீக்கிரம் வந்துடுமா? தெரு நடுவுல ஒரு வளைவு இருக்குமே?"

கால் ஒடிந்தவர் பேச்சு எடுபடவில்லை. சின்ன வயதில் நடந்த தெரு நீளமாகத்தான் இருக்கும், வளர்ந்தால் குட்டையாகிவிடும் என்று விளக்கம் சொன்னேன்.

"கதவு பச்சைன்னு சொன்னே. இது க்ரே. கேட் இருக்கு" என்றாள் கயல்.

"மாத்தியிருப்பாரு. கேட்டு போட்டேன்னு மாமா சொன்னாரே." அவர் சொன்னது உண்மை. ஆனால் எந்த நிறத்தில் என்று நான் கேட்டிருக்கவில்லை.

"சரி. போனை வெச்சுடறேன்."

"வை. தட்டை ரெண்டு கையால குடு. குனிஞ்சு கும்பிடு. 'நீ'ன்னு சொல்லிடாதே."

திரை அணைந்தது. நான் இருக்கிற சாமி படத்துக்கெல்லாம் ஒரு கும்பிடு போட்டேன்.

4

அரை மணி நேரத்தில் கயல் கூப்பிட்டாள். வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தாள். "முடிஞ்சுதும்மா. சூப்பர். மாமா ரொம்ப ஸ்வீட். மீசையை எடுத்துட்டார். அத்தை கேசரி கிண்டிக் குடுத்தாங்க. இப்ப மல்லாட்டை வேக வெக்கிறாங்க, வேர்க்கடலையாம் அது."

அண்ணி கேசரி கிண்டினார்களா? அண்ணனுக்குச் சர்க்கரை வந்ததிலிருந்து அந்த வீட்டில் ரவையைக்கூடக் கண்ணில் படாமல்தானே வைத்திருக்கிறார்கள்? மருமகளைப் பார்த்த சந்தோஷமாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொள்வதற்குள் இன்னொரு போன் அடித்தது. அண்ணன்.

"வசந்தா, இன்னிக்குத்தானே வரும்னு சொன்ன? நானும் உங்க அண்ணியும் குளிச்சு முழுகி, புதுத்துணி உடுத்திக்கிட்டு காலையிலேர்ந்து உக்காந்திருக்கோம். மணி பதினொன்னு ஆவுது, புள்ளையக் காணோமே."

அண்ணன் வீட்டில் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். அப்படியானால் என் மகள் யார் வீட்டில் கேசரி தின்றுகொண்டிருக்கிறாள்?

"ண்ணா... ஜாடிக்கடைக்கு அடுத்த வீடுதானே?"

"ஆமாம், அதிலென்ன சந்தேகம்?"

"தெரு ஆரம்பத்துல இருக்குதே, ஜாடிக்கடை?"

"அதுவா? அங்க போயி ஆறு வருசம் ஆவுதே. எங்க பக்கத்துல இப்ப செல்போன் கடை."

"இதை ஏன் என்கிட்டச் சொல்லல?"

"இதுல சொல்றதுக்கு என்ன இருக்குது? கடைதானே போச்சு. அடுத்த வூடு அங்கயேதானே இருக்குது?"

அவர் பக்கம் நியாயம் இருந்தது. இங்கே மார்கரெட்கூட, பூகம்பத்தில் விழுந்துபோன தேவாலயத்தை அடையாளம் சொல்லித்தான் இன்னும் வழி காட்டுகிறாள். போய்ப் பார்த்தால் புல்தரைதான் இருக்கும். ஆனால் நியாயத்தை யோசிக்க நேரமில்லை. அண்ணனுக்குப் புரிந்துவிட்டது.

"அப்ப வேற எவன் வூட்டுலயோ வெச்சிடுச்சா?" குரல் தாழ்ந்தது. அண்ணன் கத்தினால் பயமில்லை, குரல் தாழ்ந்தால்தான் பயம். "கோயிலுக்கப்புறம் மொதப் பத்திரிகை எவனுக்கோ. ரெண்டாவது எனக்கு. நல்லாருக்குதும்மா. இதுக்கு நான் கொளஞ்சியப்பருக்குப் பிராதுதான் கட்டணும்." போனை வைத்துவிட்டார். எங்கள் ஊரில் போலீசுக்குப் போவதற்குமுன் அந்தக் கோயிலில்தான் குறையை எழுதிக் கட்டுவார்கள். சொந்தத் தங்கை மீது பிராது என்றால் பாருங்கள்.

கயலைக் கூப்பிட்டுச் சொன்னேன். "வாட்?" என்றாள். போன் கை மாறியது. வேறொரு பெண் குரல், மூச்சிரைப்போடு.

"அம்மா, வணக்கம்மா. எம் பேரு செல்வராணிம்மா. எங்க வூட்டுக்காரரு கொளஞ்சி. தப்பா நெனச்சுக்காதீங்க. புள்ள தட்டோட வந்து நின்னுச்சு. இவரு சொந்தம்னு நான் நெனச்சேன், என் சொந்தம்னு இவரு நெனச்சிட்டாரு. அதுவும் முன்னாடியே வந்து நின்னு நடத்திக் குடுக்கணும்னு எவ்ளோ அழகா கேட்டுச்சு."

என் வாய்ப்பாடுதான் வினை. நானும் சிரித்துவிட்டேன். "யாருன்னு கேட்டிருக்கலாமேம்மா, ஒரு வார்த்தை."

அவர் குரலைத் தணித்துச் சொன்னார்.

"நாங்க கம்மாபுரம் பக்கம்மா. நெலம், வூடு எல்லாம் நெலக்கரிச் சுரங்கத்துக்குப் போயிடுச்சு. ஊர்க்காரங்க ஆளுக்கொரு பக்கமாப் போயிட்டாங்க. இங்க வந்து வூடு கட்டி அஞ்சு வருசம் ஆவுது. தெருவுல பாத்தா எல்லாரும் சிரிப்பாங்க, பேசுவாங்க. ஆனா தட்டு வெச்சு இந்த வூட்டுக்கு வந்த மொதப் பத்திரிகை இதாம்மா. பாதியிலயே எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்துச்சு. கேட்டா எடுத்துக்கிட்டுப் போயிடுமோன்னு கேக்கல."

கடல் தாண்டி வந்த எங்களைப் பத்துப் பேர் விருந்துக்குக் கூப்பிட்டு வெறுந்தட்டைப் பாராட்டினார்கள். நாலு பஸ் நிறுத்தம் தள்ளி வந்தவர்களுக்கு ஐந்து வருடமாக ஒரு பத்திரிகை இல்லை.

"அது உங்க பத்திரிகைதாம்மா. வெச்சது வெச்சதுதான். நீங்க ரெண்டு பேரும் கண்டிப்பா வரணும்" என்றேன். வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை, மனதிலிருந்துதான் சொன்னேன்.

"வருவோம்மா. அது இருக்கட்டும், இப்ப மாமனுக்கு என்ன வழி?"

வழி இல்லை என்றேன். கோபித்துக்கொண்ட கதையைச் சொன்னேன். பின்னாலிருந்து ஓர் ஆண்குரல் கேட்டது. கொளஞ்சி.

"தனியா ஒரு பொண்ணு, அதுவும் கல்யாணப் பொண்ணு போயி வைக்கிறதே தப்புதானே. நாம முன்னாடி நின்னு வெச்சிடுவோம். கூடத்துத் தட்ட எடு செல்வராணி. பன்னெண்டு ஆறதுக்குள்ள போயிடலாம்."

"போனை கட் பண்ணாதே. பையில போட்டுக்கோ" என்று மகளிடம் சொன்னேன்.

5

பையிலிருந்து கேட்ட ஓசையை இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டோம். செருப்புச் சத்தம். பள்ளத்தில் வேலை செய்பவர்களின் இரும்புச் சத்தம். கொளஞ்சி "பாத்து வா, கல்லு கெடக்குது" என்பது. தெருவின் வளைவு எப்போது வரும் என்று நான் மனதுக்குள் நடந்தேன். பிறகு கதவு. அண்ணி, "வாங்க" என்று தயங்கிச் சொன்னார்கள். அண்ணன் குரல் கேட்கவில்லை. இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, வணக்கமுங்க" என்றார் கொளஞ்சி. "நாங்க பொண்ணு வூட்டுக்காரங்க. பத்திரிகை வைக்க வந்திருக்கோம்."

"எம் மருமவளுக்கு நீங்க எப்படி வூட்டுக்காரங்க ஆனீங்க? உங்கள நான் பாத்ததே இல்லியே."

"இன்னிக்குக் காலையிலதாங்க ஆனோம்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அண்ணி என்று நினைக்கிறேன். அண்ணன் சிரிக்கவில்லை.

"மொதப் பத்திரிகை உங்களுக்குத்தானே வெச்சுது? வாங்கிக்கிட்டீங்க இல்ல? அப்புறம் இங்க என்ன?"

"ஐயா, பொண்ணப் பெத்தவங்க வர முடியல. அவங்க ஸ்தானத்துல நின்னு அழைக்க ஒரு ஜோடி வேணும். அழைக்கப் போறவன் கையில மொதல்ல பத்திரிகையக் குடுத்தாத்தானே அவன் போயி அழைக்க முடியும்? எங்களுக்கு வந்தது அந்தக் கணக்கு. கோயிலுக்கப்புறம் அழைக்கிற மொத வூடு உங்க வூடுதான். முறை எங்க தப்புச்சு, நீங்களே சொல்லுங்க."

அண்ணன் யோசிக்கிறார் என்று எனக்குத் தெரியும். முறையில் ஓட்டை கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஓட்டை இல்லை என்றால் ஒத்துக்கொள்ளவும் மாட்டாமல், மறுக்கவும் மாட்டாமல் தலையை மட்டும் சொறிவார்.

"நேரம் போவுது. வாங்குங்களேன்" என்றார்கள் அண்ணி.

செல்வராணி சொல்வது கேட்டது. "அண்ணே, அண்ணி, நீங்க குடும்பத்தோட முன்னாடியே வந்து நின்னு நடத்திக் குடுக்கணும்." கயலும் கூடவே அதைச் சொன்னாள். இருவர் குரலும் சேர்ந்து வந்தது. பிறகு அண்ணனின் தொண்டைச் செருமல்.

"எங்க புள்ள கல்யாணம். நாங்க வராம?" என்றார். "நகருங்கம்மா, எம் மருமவளப் பாக்க வேணாமா நான்? ஏண்டி கண்ணு, உங்கம்மா மாதிரியே நிக்கிறியே. உக்காரு. அந்த ஆளு மீசையில்லாம இருக்காரு, எனக்கு எவ்ளோ பெரிய மீசை இருக்குது, வித்தியாசம் தெரியல உனக்கு?"

"நீ மீசை எடுத்துட்டேன்னு நினைச்சேன், மாமா" என்றாள் கயல்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அண்ணன் வீடே அதிரும்படி சிரித்தார். இவரும் சிரித்தார், கட்டுப் போட்ட கால் நாற்காலியிலிருந்து நழுவ, "ஆ" என்று கத்தினார். அந்தக் கத்தல் பைக்குள்ளிருந்து விருத்தாசலத்தில் கேட்டிருக்கிறது. அண்ணன் பையைத் திறந்து போனை எடுத்தார்.

"வசந்தா, ஒட்டுக் கேக்கிறியா? மாப்பிள்ளைக்குக் கால் எப்படி இருக்குது?"

"நீ வர்றியாண்ணா?"

"வராம? மாலை கட்டறவன்கிட்ட நேத்தே சொல்லியாச்சு." நேற்றே சொல்லிவிட்டு இன்றைக்கு என்னை இந்தப் பாடு படுத்தியிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

அதற்குள் அவர் கொளஞ்சியிடம் திரும்பிவிட்டார். எந்த வீடு என்று கேட்டார்.

"ஜாடிக்கடைக்கு அடுத்த வூடுங்க."

"ஜாடிக்கடைக்கு அடுத்த வூடு இது" என்றார் அண்ணன், கறாராக. "உங்க வூட்டுக்கு வேற அடையாளம் சொல்லுங்க."

"அப்ப கம்மாபுரத்துக்காரங்க வூடுன்னு வெச்சுக்கலாங்க."

"அது சரி." பிறகு உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "இந்தாம்மா, பேத்தி காதுகுத்துப் பத்திரிகை நேத்து அச்சாபீசுலேர்ந்து வந்துச்சே, எடு. பெரிய தட்டுல பழம் வை."

"இங்கயே குடுங்கண்ணே, வாங்கிக்கிறோம்" என்றார் செல்வராணி.

"இங்க எப்படிம்மா குடுக்கிறது? வூட்டுல வந்து வைக்கணும். அதான் முறை. நீங்க முன்னாடி போங்க, நாங்க ரெண்டு பேரும் பின்னாடி வரோம். பன்னெண்டுக்குள்ள வந்துடுவோம்."

அதற்குப் பிறகு போனில் செருப்பு மாட்டும் சத்தமும், அவசரமாக யாரோ படியிறங்கும் சத்தமும் வந்தன. என்ன ஆச்சு என்று கயலிடம் கேட்டேன்.

"செல்வராணி அத்தை ஓடறாங்கம்மா" என்றாள். "வீட்டைப் பூட்டிட்டு வந்தோம் இல்ல? வர்றவங்களுக்குத் திறந்து வெக்கணுமாம்."